சி-ல வேரியபிள் டிக்ளரேஷன்: மேலயா, பக்கத்துலயா, ஸ்டார் யாருக்கு?

சி மொழில கோடு எழுதுற ரெண்டு பேரை ஒரே ஃபைல்ல உக்கார வெச்சா முதல் சண்டை லாஜிக்ல வராது, வேரியபிளை எங்க டிக்ளேர் பண்றது, அதாவது அதோட பேரையும் டைப்பையும் எந்த இடத்துல அறிவிக்கறதுங்கறதுலதான் வரும். ஃபங்ஷன் தொடங்கும்போதே எல்லாத்தையும் மேல வரிசையா அடுக்கிடணும்னு ஒரு கட்சி, தேவைப்படுற வரிக்கு முந்தின வரில டிக்ளேர் பண்ணா போதும்னு இன்னொரு கட்சி. நான் ரொம்ப வருஷம் முதல் கட்சில இருந்தேன், இப்ப இல்ல, ஏன் மாறினேன்னு சொல்றேன்.

மேல எழுதுற பழக்கம் சும்மா வந்தது இல்ல. சி-யோட 1989 ஸ்டாண்டர்டான சி89-ல சட்டமே அதுதான், ஒரு பிளாக்குக்குள்ள (ஃபிளவர் பிராக்கெட்டுக்குள்ள இருக்கற பகுதி) டிக்ளரேஷன் எல்லாம் முடிஞ்சப்புறம்தான் மத்த ஸ்டேட்மென்ட் வரலாம். இதுல நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கிட்டது என்னன்னா, சட்டம் சொன்னது பிளாக்கோட தொடக்கம், ஃபங்ஷனோட தொடக்கம் இல்ல. இஃப்-க்குள்ள ஒரு ஃபிளவர் பிராக்கெட் திறந்தா அங்கயும் டிக்ளேர் பண்ணலாம், அன்னிக்கே பண்ணலாம். ஆனா யாரோ ஃபங்ஷன் தலையில எழுத ஆரம்பிச்சாங்க, அதையே பாத்து எல்லாரும் எழுதினாங்க.

அப்புறம் சி99 வந்து எங்க வேணா டிக்ளேர் பண்ணிக்கோன்னு விட்டுடுச்சு, ஃபார் லூப்போட பிராக்கெட்டுக்குள்ளயே "இன்ட் ஐ = 0" போடலாம்னும் ஆச்சு. ஆனா ஸ்டாண்டர்ட் 1999-ல வந்தா டூல் உடனே வந்துடுமா? ஜிசிசிங்கற கம்பைலர் (கோடை மெஷின் மொழிக்கு மாத்தற டூல்) 2015-ல அஞ்சாவது வெர்ஷன் வர்ற வரைக்கும் டிஃபால்டா பழைய சி89 வழியிலதான் ஓடுச்சு, ஃபார்க்குள்ள இன்ட் போட்டா சி99 மோடுல மட்டும்தான் இது செல்லும்னு எரர் அடிச்சு துரத்தும். மைக்ரோசாஃப்ட் கம்பைலர் சி ஃபைல்ல இதை ஒத்துக்கிட்டது விஷுவல் ஸ்டுடியோ 2013-ல. அதனால பத்து பதினஞ்சு வருஷம் எல்லா கம்பைலர்லயும் ஓடணும்னு நினைச்சவங்க மேலயே எழுதினாங்க, கை பழகிடுச்சு.

மேல எழுதுறவங்க சொல்ற காரணத்துல ஒண்ணு எனக்குப் பிடிக்கும். ஃபங்ஷன்ல என்னென்ன வேரியபிள் இருக்குன்னு ஒரே பார்வைல தெரியும், லிஸ்ட் பதினஞ்சு வரிக்குப் போச்சுன்னா ஃபங்ஷன் வீங்கிடுச்சுன்னு அர்த்தம். இன்னொரு காரணம் ஸ்பீடு, அது வெறும் கதை. லோக்கல் வேரியபிளுக்கான ஸ்டாக் இடத்தை (ஃபங்ஷன் ஓடும்போது யூஸ் பண்ற மெமரி) கம்பைலர் பொதுவா ஃபங்ஷன் நுழைவுலயே மொத்தமா ஒதுக்கிடும், ஆப்டிமைசேஷன் போட்டா பாதி வேரியபிள் ப்ராசஸருக்குள்ள இருக்கற ரெஜிஸ்டருக்குப் போயிடும், நீங்க எந்த வரில எழுதினீங்கன்னு அதுக்குக் கவலையே இல்ல.

நான் கட்சி மாறினதுக்குக் காரணம் ஒரே ஒரு வரி. ஃபங்ஷன் தலைல "இன்ட் ரெட் = 0;" கடைசில "ரிட்டர்ன் ரெட்;" நடுவுல நாலஞ்சு இடத்துல எரர் வந்தா கோட்டூ போட்டு, அதாவது நேரா குதிச்சு, கீழ க்ளீனப்புக்குப் போறது. ரெட்-ங்கறது ஃபங்ஷன் திருப்பிக் குடுக்கற முடிவு, சைபர்னா ஜெயிச்சேன்னு அர்த்தம். இது சி-ல ரொம்ப நல்ல பேட்டர்ன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா புதுசா ஒரு செக் சேர்த்தப்ப ரெட்-ல எரர் நம்பர் போட மறந்துட்டு கோட்டூ மட்டும் போட்டேன், ஃபங்ஷன் தோத்துட்டு ஜெயிச்சேன்னு சைபரைத் திருப்பிக் குடுத்துச்சு, கூப்பிட்ட இடம் அதை நம்பி பாதி நிரம்பின ஸ்ட்ரக்ட்டை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு, கிராஷ் ஆனது மூணு ஃபைல் தள்ளி வேற எங்கயோ. கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லல. எப்படி சொல்லும், நான்தான் மேலயே சைபர் போட்டு அது வாயை அடைச்சிட்டேனே!

மேல டிக்ளேர் பண்ணும்போது என்ன வேல்யூ குடுக்கறதுன்னு அந்த நேரத்துல தெரியாது, அதனால பாதுகாப்புன்னு நினைச்சு சைபரோ நல்-லோ (எதையும் காட்டாத பாயிண்டர்) போட்டுடுறோம். ஒண்ணும் போடாம விட்டிருந்தா வார்னிங்கை ஆன் பண்ணி வெச்சா கம்பைலராவது சந்தேகப்படும், அது விட்டாலும் வால்கிரைண்ட்ங்கற மெமரி செக் பண்ற டூல் பிடிக்க வாய்ப்பு இருக்கு. பொய்யான சைபரை யாராலயும் பிடிக்க முடியாது. குப்பை வேல்யூ பயமா இருக்குன்னா ஜிசிசி 12-ல இருந்து ஆட்டோ வேரியபிளை (ஃபங்ஷனுக்குள்ள இருக்கற சாதா லோக்கல் வேரியபிள்) எல்லாம் தானா சைபராக்குற ஆப்ஷன் இருக்கு, கிளாங் கம்பைலர்லயும் இருக்கு, ஜிசிசி-ல அதைப் போட்டாலும் இனிஷியலைஸ் பண்ணலன்னு வர்ற வார்னிங் போகாது. கையால சைபர் போடுறதுக்கு இது எவ்வளவோ மேல்.

தேவைப்படுற இடத்துல டிக்ளேர் பண்ணா இந்தப் பிரச்சனையே பாதி வராது, ஏன்னா வேல்யூ கைல வந்தப்புறம்தான் வேரியபிளே பிறக்குது. ஸ்கோப்பும், அதாவது அந்தப் பேரு செல்லுபடியாகுற இடமும், சுருங்கிடும். லினக்ஸ் கர்னல் (லினக்ஸ் ஓஎஸ்ஸோட மையப் பகுதி) கதையே இதுக்கு சாட்சி. அங்க லிங்க்டு லிஸ்ட்டை (ஒண்ணோட ஒண்ணு கோத்த பட்டியல்) சுத்துற மேக்ரோவுக்கு (முழு கோடா விரியற சுருக்கம்) வேரியபிளை வெளிய டிக்ளேர் பண்ணணும், லூப் முடிஞ்சப்புறமும் அது உயிரோட இருக்கும், யாராவது அதைத் தொட்டா அது நிஜ எலிமென்ட்டே இல்லாம லிஸ்ட் தலையைக் காட்டிக்கிட்டு நிக்கும். அந்த வேரியபிளை லூப்புக்குள்ளயே அடைக்கலாமான்னு பேச ஆரம்பிச்சதுதான் 2022-ல, 5.18 வெர்ஷன்ல, கர்னலையே சி89-ல இருந்து சி11-க்குத் தள்ளிவிட்டுச்சு. இவ்வளவு ஆகியும் அங்க பெரும்பாலான கோடு இன்னும் மேலதான் எழுதுறாங்க, நெட்வொர்க் பகுதில நீளமான வரி மேல, குட்டை வரி கீழன்னு தலைகீழ் கிறிஸ்துமஸ் மரம் மாதிரி அடுக்கணும். ஃப்ரீபிஎஸ்டிங்கற இன்னொரு ஓஎஸ் இன்னும் ஒரு படி மேல போய் சைஸ் வாரியா, அப்புறம் அகர வரிசைல அடுக்கச் சொல்லுது. அழகா இருக்கும்தான், ஆனா ஒரு டைப் மாறினா வரியைத் தூக்கி வேற இடத்துல வைக்கணும்.

பக்கத்துல எழுதுறதுலயும் குழி இருக்கு. வேல்யூவோட எழுதின ஒரு சாதா டிக்ளரேஷனை கோட்டூ தாண்டிக் குதிச்சா சி கேள்வியே கேக்காது, வேரியபிள் இருக்கும், உள்ள குப்பை இருக்கும். சி-ல இருந்து வளந்த சி++ மொழி இதை எரர்னு தடுத்துடும். ஸ்விட்ச்ல கேஸ் லேபிளுக்கு அடுத்த வரிலயே டிக்ளேர் பண்ண சி23-க்கு முன்னாடி அனுமதி கிடையாது, பிராக்கெட் போட்டுத்தான் சமாளிக்கணும்.

சரி, ஸ்டார். ஒரு வேரியபிள் பாயிண்டர்னு, அதாவது மெமரில ஒரு இடத்தோட அட்ரஸை வெச்சிருக்குன்னு சொல்ற குறி அது. "இன்ட்* பி, க்யூ;"-னு எழுதினா ரெண்டும் பாயிண்டர் மாதிரி தெரியும், ஆனா க்யூ வெறும் இன்ட். டென்னிஸ் ரிட்ச்சி சி-யை வடிவமைச்ச விதம் அப்படி, வேரியபிளை எப்படி யூஸ் பண்ணுவோமோ அதே உருவத்துல டிக்ளரேஷன் இருக்கணும்னு நினைச்சார், "இன்ட் *பி"-ன்னா ஸ்டார் பி ஒரு இன்ட்-னு படிக்கணும். சி++-ஐ உருவாக்கின ஸ்ட்ரூஸ்ட்ரப் மாதிரி சி++ ஆளுங்க டைப்தான் முக்கியம்னு ஸ்டாரை டைப்போட ஒட்டுவாங்க. சி-ல நான் பேரோடதான் ஒட்டுவேன், கம்பைலர் அப்படித்தான் பாக்குது, அதோட வாதாடி என்ன ஆகப்போகுது. ஆனா ஒரு வரிக்கு ஒரு வேரியபிள்னு வெச்சா இந்த சண்டைக்கு அர்த்தமே இல்ல, பாதுகாப்பா கோடு எழுதறதுக்கான செர்ட் சி வழிகாட்டுதல்ல கூட ஒரு டிக்ளரேஷன்ல ஒண்ணுக்கு மேல போடாதேன்னுதான் இருக்கு. மிச்சத்தை கிளாங்-ஃபார்மட்ங்கற கோடை அடுக்கிக் குடுக்கற டூல்ல ஒரு ஆப்ஷன் போட்டு விட்டுடலாம்.

ஸ்டாரை டைப்டெஃப்க்குள்ள (டைப்புக்கு வேற பேர் வைக்கற வசதி) ஒளிக்கிறது மட்டும் எனக்கு ஆகாது. சார் பாயிண்டருக்கு "ஸ்ட்ரிங்"னு பேர் வெச்சு "கான்ஸ்ட் ஸ்ட்ரிங் எஸ்"-னு எழுதினா மாத்தக் கூடாதுங்கற கான்ஸ்ட் பூட்டு விழறது பாயிண்டருக்கு, உள்ள இருக்கற எழுத்துக்கு இல்ல. நினைச்சதுக்கு நேர் எதிர்.

பேருல டைப்பை ஒட்டற ஹங்கேரியன் ஸ்டைல் பத்தி அதிகம் பேச ஒண்ணும் இல்ல. விண்டோஸ்ல "டபிள்யூபாரம்"னு ஒண்ணு, 16 பிட் காலத்துல வேர்ட் சைஸ்ங்கறதுக்காக வெச்ச டபிள்யூ, இப்ப 64 பிட் விண்டோஸ்ல அது 64 பிட், பேரு மட்டும் அப்படியே நிக்குது.

பழைய ஃபைலைத் தொடும்போது நான் அதோட ஸ்டைலை மாத்த மாட்டேன், மேல அடுக்கியிருந்தா நானும் மேலயே அடுக்குவேன், பாதி மேல பாதி நடுவுலன்னு இருக்கறது படிக்கறவனுக்குக் கொடுமை. ஒண்ணே ஒண்ணு மட்டும் விட்டுக் குடுக்கறதில்ல, ஃபங்ஷன் தலைல ரெட்-டுக்கு சைபர் போட மாட்டேன், எல்லா வேலையும் முடிஞ்சப்புறம் க்ளீனப் லேபிளுக்கு முந்தின வரில "ரெட் = 0;" போடுவேன்.