விலங்கின் செவித்திறன்: மூளை அலையா, பழக்கிய பதிலா?

ஒரு நாய்க்கோ டால்பினுக்கோ எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கும்? கண்டறிய இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, மூளையிடமே கேட்பது. தலையில் மின்முனைகளைப் பொருத்தி, குட்டி 'டிக்' ஒலிகளை நூற்றுக்கணக்கான முறை எழுப்பிச் சராசரி எடுத்தால், செவிநரம்பும் மூளைத்தண்டும் முதல் 10 மில்லிவினாடிக்குள் காட்டும் நுண்ணலைகள் தெரியும். விலங்கு மயக்கத்தில் இருந்தாலும் நடக்கும், விரைவில் முடியும். கரை ஒதுங்கிய டால்பினையும், செவிட்டுத்தன்மை அதிகம் காணப்படும் டால்மேஷன் இனக் குட்டியையும் சோதிக்க இதுதான் கைகொடுக்கிறது.

மற்றது, ஒலி கேட்டால் ஒரு பொத்தானைத் தொடும்படி பழக்குவது. வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். ஆனால் விலங்கு ஒலியை உண்மையில் உணர்ந்ததா என்பதற்கு அதன் பதிலே நேரடிச் சான்று. மூளைத்தண்டின் அலையோ, ஒலி அங்குவரை வந்து சேர்ந்தது என்று மட்டுமே சொல்லும்.

இரண்டின் முடிவுகளும் ஒத்துப்போவதில்லை. அலையை வைத்துக் கணிக்கும் கேட்பு வரம்பு, அதாவது கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியின் அளவு, பெரும்பாலும் டெசிபல் (ஒலி அளவின் அலகு) கணக்கில் உயர்ந்தே நிற்கும்; தாழ்ந்த சுருதிகளில் இடைவெளி இன்னும் விரியும். ஒரு காரணம்: பழக்கும் சோதனையில் வரும் நீளும் ஒலியை மூளை கூட்டிச் சேர்த்துக் கேட்கிறது, நொடியில் மறையும் 'டிக்'குக்கு அந்த அவகாசம் இல்லை. அவசரச் சோதனைக்கு நான் அலையைத் தேர்வேன். 'இந்த விலங்குக்கு இது கேட்கும்' என்று எழுத, பழக்கிய பதிலைத்தான் நம்புவேன்.