‘கேப்சர் வசதியோட கிராபிக்ஸ் கார்டு’ என்று சொல்லி ₹9,200 வாங்கிக்கொண்டார்கள்: சேலம் வீடியோக்காரர்கள் கவனம்

கார்டு இப்போது மேஜை மேல் பிரித்துக் கிடக்கிறது. ஹீட்சிங்க்கைக் கழற்றி, காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்து, சிப் மேலே பொறித்திருப்பதைப் படித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கேப்சர் (வெளியிலிருந்து வருகிற படத்தைக் கம்ப்யூட்டருக்குள் பதிவு செய்வது) வசதியுள்ள ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி என்று சொல்லி விற்ற கிராபிக்ஸ் கார்டு இது. 1050 டிஐ என்றால் சிப்பில் ஜிபி107 (GP107) என்று இருக்க வேண்டும். இதில் இருப்பது ஜிஎஃப்116. போனது ₹9,200. கார்டுக்கு ₹8,500, கூடவே கட்டிக் கொடுத்த ஏவி-டு-எச்டிஎம்ஐ கன்வெர்ட்டருக்கு (விசிஆர் படத்தை எச்டிஎம்ஐயாக மாற்றும் டப்பா) ₹700. சேலத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள், பழைய கேசட்டைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எப்படிச் சோதித்து வாங்குவது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறோம்.

கடை பெயரைச் சொல்லவில்லை. மாடிப்படி ஏறிப் போகிற செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் கடை. இந்த ஊரில் அப்படிப்பட்ட கடை ஒன்றிரண்டு இல்லை.

வந்திருந்த வேலை இதுதான். ஏற்காட்டுக் குடும்பம் ஒன்று 7 விஎச்எஸ் கேசட் கொடுத்தது. எல்லாம் 1990-களில் எடுத்த கல்யாணம், காதுகுத்து. மலையில் வருஷம் முழுக்க ஈரக்காற்று. பீரோவுக்குள் இருந்தாலும் கேசட் தப்பாது. கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தாலே டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளையாக மாவு தூவினமாதிரி தெரிந்தது. அது பூஞ்சை. விசிஆருக்குள் டேப்பைப் படிக்கிற ஹெட் டிரம் நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. பூஞ்சை பிடித்த டேப்பை அதன் மேல் ஓட்டினால் அந்தப் பொடி ஹெட்டில் அப்பிக்கொள்ளும், படம் போகும், டேப்பும் சுரண்டப்படும். அதனால் இந்த மாதிரிக் கேசட்டைத் துடைத்துத் தயார் செய்து, ஒரே ஓட்டத்தில் பிடித்துவிட வேண்டும். இரண்டாவது ஓட்டம் என்றாலே ஆபத்து. பிடிக்கிற கருவியை நம்பித்தான் டேப்பை உள்ளே தள்ளுகிறோம். இந்தக் கோபத்துக்குக் காரணம் அதுதான். பணம் அதற்கு அடுத்துதான் வருகிறது.

கடைக்காரர் சொன்னது காதில் அப்படியே இருக்கிறது. “அண்ணா, இதுலயே கேப்சர் இருக்குதுங்க. எடிட்டிங்குக்கும் இதே கார்டுதான். தனியா ஒண்ணும் வாங்காதீங்க, காசு வேஸ்ட்டு.” பெட்டியிலும் வீடியோ கேப்சர், வீடியோ எடிட்டிங் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எச்டிஎம்ஐ அவுட்தானே என்று கேட்டோம். “ரெண்டு பக்கமும் போகும்ணா, புது டெக்னாலஜி.”

இதை நம்ப ஒரு காரணம் இருந்தது. படத்தை உள்ளே வாங்குகிற கிராபிக்ஸ் கார்டு ஒரு காலத்தில் உண்மையிலேயே இருந்தது. ஏடிஐ கம்பெனியின் ஆல்-இன்-ஒண்டர் கார்டு 1996-இல் வந்தது. டிவி ட்யூனர், எஸ்-வீடியோ, மஞ்சள் ஆர்சிஏ எல்லாம் அதே கார்டில். பிறகு வந்த மாடல்களில் ரேஜ் தியேட்டர் என்று தனி சிப்பே இருந்தது. அனலாக் படத்தை டிஜிட்டலாக மாற்றுவது அதன் வேலை. மேட்ராக்ஸ் மார்வெல் கார்டும் அப்படித்தான். 2006-இல் ஏஎம்டி ஏடிஐயை வாங்கியது, 2008-இல் கடைசியாக ஒரு ஆல்-இன்-ஒண்டர் வந்தது, அதோடு அந்த வரிசை நின்றது. பழைய கார்டு இன்றைக்குக் கையில் கிடைத்தாலும் எக்ஸ்பி போட்ட பழைய மெஷினோடு சேர்ந்து கிடைத்தால்தான் உதவும். விண்டோஸ் 10-இல் அதன் கேப்சர் பாகத்துக்கு டிரைவர் கிடையாது.

இப்போது கடையில் தொங்குகிற கிராபிக்ஸ் கார்டில் ‘கேப்சர்’ என்றால் அர்த்தமே வேறு. திரையில் ஓடுவதைப் பதிவு செய்யும், அவ்வளவுதான். அதில் இருக்கிற எச்டிஎம்ஐ வெளியே மட்டும் அனுப்பும். கேமராவின் எச்டிஎம்ஐயும் வெளியே அனுப்புவது. இரண்டையும் ஒயரால் இணைத்தால் இரண்டு பேரும் பேசுவார்கள், கேட்க ஆள் இல்லை. எந்த டிரைவர் போட்டாலும் இது மாறாது, ஏனென்றால் உள்ளே வாங்குகிற சிப்பே போர்டில் இல்லை.

எங்களை விழவைத்தது கடையில் காட்டிய டெமோ. கார்டை அவர் மெஷினில் சொருகி, டிவைஸ் மேனேஜரைத் திறந்து காட்டினார். ‘ஜிடிஎக்ஸ் 1050 டிஐ’ என்றே இருந்தது. ஓபிஎஸ் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரைத் திறந்து ஒரு நிமிஷம் ரெக்கார்டு செய்து, ஓட்டியும் காட்டினார். சிக்கலே இல்லாமல் ஓடியது. அங்கேயே ஜிபேயில் ₹9,200 அனுப்பினோம். பார்க்க வேண்டியது ஓபிஎஸ் செட்டிங்ஸில் அவுட்புட் பக்கத்தில் ஒரே ஒரு வரி: என்கோடர், அதாவது படத்தைச் சுருக்கி ஃபைலாக்குவது எது என்பது. அவர் மெஷினில் அங்கே எக்ஸ்264 இருந்திருக்கிறது. எக்ஸ்264 என்றால் வேலை செய்வது ப்ராசஸர். கார்டு சும்மா உட்கார்ந்திருந்தது.

ஸ்டூடியோவில் எங்கள் மெஷின் ஐ5 10400எஃப். எஃப் என்பதால் ப்ராசஸரில் கிராபிக்ஸ் இல்லை, எல்லாம் கார்டுதான் செய்ய வேண்டும். ஓபிஎஸ்ஸில் என்விஎன்க் (என்விடியா கார்டுக்குள்ளேயே இருக்கிற என்கோடர்) என்ற பெயரே வரவில்லை. என்விஎன்க் 2012-இல் கெப்ளர் தலைமுறையோடு வந்தது. ஜிஎஃப்116 அதற்கு முந்தைய ஃபெர்மி, ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ காலத்துச் சரக்கு. அந்தக் கார்டின் பயாஸை (கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கிற அடிப்படை சாஃப்ட்வேரை) மாற்றி எழுதி, பெயரையும் மெமரி அளவையும் பொய்யாகக் காட்ட வைத்திருக்கிறார்கள். டிவைஸ் மேனேஜர் பயாஸ் சொல்வதைத்தான் படிக்கும். 4 ஜிபி என்று காட்டும் கார்டில் உண்மையில் இருப்பது 1 ஜிபி. 4கே ஃபுட்டேஜை டைம்லைனில் போட்டதும் பிரிவியூவில் பச்சைக் கோடு, அப்புறம் ஹேங். என்விடியா தளத்திலிருந்து 1050 டிஐ டிரைவர் இறக்கிப் போட்டோம், நீலத் திரை. கடையில் பென் டிரைவில் கொடுத்த டிரைவர் மட்டும்தான் ஏறும். அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

போன் செய்தோம். “டிரைவர் அப்டேட் பண்ணுனீங்களாண்ணா? அதான் பிரச்சினை. நான் குடுத்ததை மட்டும் போடுங்க.” போட்டோம். கேப்சர் வரவில்லை. “எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட்? 450-ஆ? பத்தாதுங்க.” உண்மையான 1050 டிஐக்கு 75 வாட் போதும். “விண்டோஸை ஒருக்கா புதுசா போட்டுப் பாருங்க.” அதையும் செய்தோம், அரை நாள் போனது. அடுத்து சொன்னதுதான் மன்னிக்க முடியாதது: “டேப்பை ஓடவிட்டுத்தான் செக் பண்ணணும்ணா. சிக்னல் போனாத்தான் கார்டு பிடிக்கும்.”

விசிஆரிலிருந்து மஞ்சள் ஒயர் கன்வெர்ட்டருக்கு, கன்வெர்ட்டரிலிருந்து எச்டிஎம்ஐ ஒயர் கார்டுக்கு. அதே ஒயரை டிவியில் சொருகினால் படம் வருகிறது, கம்ப்யூட்டரில் கறுப்பு. ஏற்காட்டுக் கேசட்டில் ஒன்றை அவர் பேச்சைக் கேட்டு மூன்று முறை ஓட்டினோம். மூன்றாவது ஓட்டத்தில் ஹெட் அடைத்துப் படம் முழுக்கப் புள்ளி. நிறுத்தி வெளியே எடுத்தால் டேப்பின் கீழ் ஓரம் இரண்டடி நீளத்துக்கு மடங்கிச் சுருங்கியிருந்தது. விஎச்எஸ் டேப்பில் கன்ட்ரோல் டிராக் (டேப் ஓட்டத்தைச் சீராகப் பிடித்து வைக்கும் சிக்னல்) கீழ் ஓரத்தில்தான் இருக்கிறது. அது போனால் அந்த இடத்தில் படம் நிற்காது, ஓடும். டேப் விநாடிக்கு 2.339 சென்டிமீட்டர் நகர்கிறது. இரண்டடி என்றால் 26 விநாடி. மணமேடைக்குப் பெண்ணை அழைத்து வருகிற இடம். அந்த வீட்டு அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்ல வேண்டும்.

நேரில் போனோம். “ஓனர் இல்லைங்க, சாயங்காலம் வாங்க.” சாயங்காலம், “சீல் ஒடைச்ச ஐட்டம் ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்.” செகண்ட் ஹேண்ட் கார்டுக்கு என்ன சீல்? பில் என்று கொடுத்தது எஸ்டிமேட் துண்டுச் சீட்டு. ‘விஜிஏ கார்டு 1, கன்வெர்ட்டர் 1, ₹9,200’ என்று பேனாவில் எழுதியிருக்கிறது. மாடல் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, கடை முத்திரை இல்லை. அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. சிப்பின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. ₹9,200-க்கு அந்த நீல டிக்தான் மிச்சம்.

கன்வெர்ட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உண்மையான எச்டிஎம்ஐ கேப்சர் கருவி வைத்திருந்தாலும் இந்த ₹700 டப்பா வழியாகப் போகக் கூடாது. நம் கேசட் பால் (PAL) முறை, 720க்கு 576, விநாடிக்கு 25 ஃபிரேம், இன்டர்லேஸ் (ஒற்றை வரியும் இரட்டை வரியும் மாறி மாறி வருவது). இந்த டப்பா அதை அதுவாகவே 60 ஹெர்ட்ஸுக்கு இழுத்து, டீஇன்டர்லேஸையும் கெடுத்து வெளியே தள்ளும். கை அசைத்தால் சீப்பு சீப்பாகக் கோடு, நடந்தால் குலுக்கல். பிறகு எடிட்டில் சரி செய்யவே முடியாது. நேராக ஆர்சிஏ வாங்குகிற யூஎஸ்பி கேப்சர் ஸ்டிக் போதும், பால் என்று செட் செய்து, இன்டர்லேஸை அப்படியே வைத்துப் பிடியுங்கள். ஏவி-இன் இருக்கிற மினிடிவி (MiniDV) டேப் கேமரா வழியாக ஃபயர்வயர் ஒயரில் எடுத்தால் இன்னும் நிலையாக இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி இடம் வேண்டும்.

விவரமாக எழுதுகிறோம் என்று சொன்னோம், இப்போது பொறுமை இல்லை. இதை மட்டுமாவது செய்யுங்கள்.

1050 டிஐ என்று காட்டும் கார்டில் நீல நிற விஜிஏ போர்ட் இருந்தால் கையில்கூட வாங்காதீர்கள், அந்தத் தலைமுறைச் சிப்பில் விஜிஏவே கிடையாது. கடையிலேயே ஜிபியு-இசட் என்ற கார்டு சோதிக்கும் சாஃப்ட்வேரை ஓட்டச் சொல்லுங்கள். 2018-க்குப் பிறகு வந்த வெர்ஷன் போலி என்விடியா கார்டாக இருந்தால் பெயருக்கு முன்னால் ஃபேக் என்றே போட்டுவிடும். ஓட்ட மாட்டேன் என்றால் இறங்கி வந்துவிடுங்கள். ஓபிஎஸ்ஸில் என்விஎன்க் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஒரிஜினல் ஜிடி 1030-இலும் அது கிடையாது, எடிட்டிங்குக்கு என்று சொன்னால் ஏமாறாதீர்கள். பில்லில் முழு மாடல் பெயர் எழுதாமல் பணம் அனுப்பாதீர்கள். பூஞ்சைக் கேசட்டைக் கருவி சோதிக்கப் போடாதீர்கள், ஒன்றுக்கும் ஆகாத கேசட் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தாயிற்று. ஜிபே ரசீது, துண்டுச் சீட்டு, சிப் போட்டோ மூன்றும் கையில் இருக்கிறது. ₹5 லட்சம் வரைக்கும் நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது என்பதால் அங்கேயும் போகப் போகிறோம். இதே மாதிரி எடிட்டிங் கார்டு என்று சொல்லி இந்த ஊரில் வேறு யாராவது வாங்கியிருந்தால், இன்றைக்கே ஜிபியு-இசட் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.