வடசேரி விண்ணப்ப மையமும் பி.பார்ம் பட்டதாரிகளின் ஆராய்ச்சி உதவித்தொகையும்

நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் விண்ணப்ப மையம் ஒன்று இயங்குகிறது. பெயர்ப்பலகை கிடையாது, ‘ஆன்லைன் விண்ணப்பம்’ என்று எழுதிய பழைய பிளெக்ஸ் மட்டும் படிக்கட்டின் ஓரத்தில் தொங்கும். தக்கலையில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக வேலை செய்யும் நான், எனக்காகவும் என் தங்கைக்காகவும் இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை அந்தப் படிகளில் ஏறியிருக்கிறேன். நம் மாவட்டத்தில் பி.பார்ம் என்ற நான்காண்டு மருந்தியல் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, ஆராய்ச்சிக்குப் போக ஆசை இருந்தும் வழி தெரியாமல் கடைகளில் நின்றுகொண்டிருப்பவர்கள் பலர் என்பதால், இந்தச் சேவையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முனைவர் பட்ட ஆய்வுக்கு மாதந்தோறும் கிடைக்கும் ஜேஆர்எஃப் உதவித்தொகை பற்றிக் கேட்க, இங்கே வருவதற்கு முன் வேறோர் ஊரில் இதேபோன்ற ஒரு மையத்துக்குப் போயிருந்தேன். ‘பி.பார்முக்கு ஜேஆர்எஃப் கிடையாது, எம்.எஸ்சி. முடித்தவர்களுக்குத்தான்’ என்று அங்கே ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதை நம்பி ஓராண்டை இழந்தேன். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

வடசேரி மையத்தை நடத்தும் அக்கா அப்படிச் சொல்லவில்லை. ஜேஆர்எஃப் பெற எழுத வேண்டிய சிஎஸ்ஐஆர்–யுஜிசி நெட் தேர்வின் அறிவிக்கையை அச்செடுத்து, தகுதி பற்றிய பக்கத்தைத் திருப்பி, ஒரு வரியின் அடியில் அடிக்கோலை வைத்து என் பக்கம் நகர்த்தினார். “மக்ளே, நீயே வாசிச்சுப் பாரு. உனக்க படிப்பு இதுல இருக்கா இல்லியா?” என்றார். எம்.எஸ்சி.யைத் தொடர்ந்து பி.இ., பி.டெக்., பி.பார்மா, எம்.பி.பி.எஸ். என்று அதே வரியில் அச்சாகியிருந்தது. பொதுப்பிரிவினருக்கு 55 விழுக்காடு, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 50 விழுக்காடு மதிப்பெண் போதும். ஜேஆர்எஃப் வயது வரம்பு 30 என்றாலும் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு என்பதையும் அவரே காட்டினார். அப்போது எனக்கு 31 வயது. எல்லாம் கைவிட்டுப் போய்விட்டது என்றே நினைத்திருந்தேன். பணம் வாங்கும் முன்பே விதியை விண்ணப்பதாரரின் கண்ணால் வாசிக்க வைக்கும் இந்த ஒரு பழக்கத்துக்காகவே நான் இந்த மையத்தை மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

எந்தப் பாடத்தில் எழுதுவது என்ற கேள்வியில்தான் பி.பார்ம் படித்தவர்களின் உண்மையான சங்கடம் தொடங்குகிறது. இந்தத் தேர்வில் வேதியியல், புவி, உயிர், கணித, இயற்பியல் அறிவியல்கள் என்று ஐந்து பாடங்களே உள்ளன. மருந்தியலுக்கென்று தனித்தாள் இல்லை. மருந்து வேதியியலில் பிடிப்புள்ளவர்கள் வேதியியலுக்கும், உடலில் மருந்தின் செயல்பாட்டைப் படித்தவர்கள் உயிர் அறிவியலுக்கும் போகலாம் என்றார் அக்கா. இது சரியான ஆலோசனைதான். ஆனால் மாத்திரை தயாரிப்பு நுட்பத்தையும் மூலிகை மருந்தியலையும் நான்கு ஆண்டுகள் கற்றவர், அவை இரண்டும் இடம்பெறாத தாளில் எம்.எஸ்சி. படித்தவர்களோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. முன்பு முதுநிலைப் பொறியியல் படிப்புக்கான கேட் தேர்வில் மருந்து அறிவியலுக்குத் தனித்தாள் இருந்தது. 2010இல் மருந்தியல் பட்டதாரிகளுக்கென்று ஜிபேட் தேர்வு தொடங்கியபின் அது எடுக்கப்பட்டது. ஜிபேட்டோ முக்கியமாக எம்.பார்ம் என்ற முதுநிலைப் படிப்புக்கான தேர்வு. பேச்சிப்பாறை மலைகளுக்கு அப்பால், அகத்தியமலையில் காணிப் பழங்குடி மக்கள் அடையாளம் காட்டிய ஆரோக்கியப்பச்சை மூலிகையிலிருந்து கேரளத்தின் பாலோடு தாவரவியல் ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியதை நம் பக்கத்தில் பலரும் அறிவார்கள். அத்தகைய ஆய்வுக்கென்றே பயிற்சி பெறும் பிள்ளைகளுக்கு அரசின் உதவித்தொகைத் தேர்வில் சொந்தமாக ஒரு தாள் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தங்கையின் ஜிபேட் விண்ணப்பமும் இங்கேதான் நிரப்பப்பட்டது. 2024 முதல் இத்தேர்வை மருத்துவ அறிவியலுக்கான தேசியத் தேர்வு வாரியம் நடத்துகிறது. 125 கேள்விகள், 500 மதிப்பெண், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும். தகுதி பெற்று எம்.பார்மில் முழுநேரமாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய், அதிகபட்சம் 24 மாதங்களுக்கு ஏஐசிடிஇ எனும் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு வழியாகக் கிடைக்கும். அவள் கல்லூரியில் சேர்ந்தபின், வங்கிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்த அக்கா முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். அது அம்மாவின் பெயரும் சேர்ந்த கூட்டுக் கணக்கு. கூட்டுக் கணக்குக்கு இந்தத் தொகை வராது, மாணவியின் பெயரில் மட்டும் ஆதார் இணைத்த சாதாரணச் சேமிப்புக் கணக்கு வேண்டும் என்று சொல்லி, படிவத்தைத் தொடாமலேயே எங்களைத் திருப்பி அனுப்பினார். அன்று எரிச்சலாக இருந்தது. ஆனால் அன்றைக்கே அனுப்பியிருந்தால் பணம் எங்கே நின்றது என்று தெரியாமல் மாதக்கணக்கில் அலைந்திருப்போம். ஜேஆர்எஃப் தொகை 2019இல் 31,000 ஆகவும், 2023 ஜனவரி முதல் 37,000 ஆகவும் உயர்ந்த பிறகும் எம்.பார்ம் மாணவர்களின் 12,400 அசையவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு இன்றைய விலைவாசியில் அது எத்தனை நாளைக்குக் காணும் என்பதைத் தங்கையின் செலவுக் கணக்கில் மாதந்தோறும் பார்க்கிறேன்.

குறைகளும் உண்டு. மூன்று கணினிகளில் ஒன்று பெரும்பாலும் பழுது. கடைசித் தேதிக்கு முந்தைய இரண்டு நாட்களில் படிக்கட்டு வரை வரிசை நிற்கும். மதியத்துக்குமேல் அக்கா வீட்டுக்குப் போய்விட, அவருக்குப் பதிலாக உட்காரும் தம்பிக்குப் புகைப்படத்தின் அளவைக் குறைக்கத் தெரியுமே தவிர, பி.பார்முக்கும் டி.பார்முக்கும் வேறுபாடு தெரியாது. என் படிப்பை டிப்ளமோ என்று தேர்வு செய்ததை நானே கவனித்துத் திருத்தினேன். இவற்றைவிட முக்கியமான குறை, தேர்வு அறிவிக்கையோடு இவர்களின் வாசிப்பு நின்றுவிடுவது. இளநிலைப் பட்டத்தோடு ஜேஆர்எஃப் பெறுபவர் முனைவர் படிப்பில் பதிவு செய்த பிறகே பணம் பெற முடியும். ஆனால் நான்காண்டு இளநிலை முடித்தவர் நேரடியாக முனைவர் படிப்பில் சேர, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022ஆம் ஆண்டு விதிகள் 75 விழுக்காடு கேட்கின்றன. தேர்வு எழுத 55 போதும். தேர்ந்தபின் சேர 75 வேண்டும். என் மதிப்பெண் 68. இதை நான் பின்னால் சொந்தமாகத் தேடித்தான் தெரிந்துகொண்டேன். முதல் நாளே சொல்லியிருந்தால் எம்.பார்ம் நுழைவை முதலில் முடித்திருப்பேன். அடுத்த முறை போனபோது இதைச் சொன்னேன். அக்கா மறுக்காமல் அந்த விதியின் பக்கத்தை அச்செடுத்து, அறிவிக்கைகள் வைத்திருக்கும் கோப்பிலேயே சேர்த்துக்கொண்டார்.

விண்ணப்பம் ஒன்றுக்கு என்னிடம் 150 ரூபாய் வாங்கினார்கள். தேர்வுக் கட்டணம் தனி. திருத்தத்துக்கு மீண்டும் வந்தபோது பணம் கேட்கவில்லை. செல்பவர்கள் மதியத்துக்கு முன் செல்ல வேண்டும். எல்லா ஆண்டு மதிப்பெண் பட்டியல்களையும், இதர பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் வருபவர்கள் நடப்பு ஆண்டின் வருமான வரம்புச் சான்றிதழையும், தன் பெயரில் மட்டும் உள்ள வங்கிப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். படிவத்தில் பட்டத்தின் பெயரைத் தேர்வு செய்யும் இடம் வரும்போது கணினித் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். அக்கா கேட்காமலேயே திருப்பிவிடுவார், தம்பியிடம் கேட்க வேண்டும்.