பிராடோ 150-இல் இரண்டாவது பேட்டரியும் இழுப்பறைகளும்: ரெட்ஆர்க் பிசிடிசி 1225டி மதிப்புரை

ஆஸ்திரேலியாவில் கூடாரம் போட்டுத் தங்குவதற்காக ஃபோர் வீல் டிரைவ் வாங்கும் எவரும் முதலில் கேட்பது, இரவு முழுவதும் ஃபிரிட்ஜ் ஓடினால் காலையில் வண்டி கிளம்புமா என்பதுதான். இன்ஜினைக் கிளப்பும் பேட்டரியை அதன் வேலைக்கு மட்டும் விட்டுவிட்டு, ஃபிரிட்ஜுக்கும் விளக்குகளுக்கும் தனியாக ஒரு பேட்டரி வைப்பதே இதற்கு வழி. எங்கள் டொயோட்டா பிராடோ 150 டீசல் வண்டியில் அந்த இரண்டாவது பேட்டரியைச் சார்ஜ் செய்வது, அடிலெய்டின் தெற்கே லான்ஸ்டேலில் இயங்கும் ரெட்ஆர்க் நிறுவனத்தின் பிசிடிசி 1225டி. அதனுடன் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியும், 40 லிட்டர் ஃபிரிட்ஜும், பின்பக்கத்தில் இரட்டை இழுப்பறையும் இருக்கின்றன. சார்ஜரைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆனால் அதற்குப் போகும் வயரும், வண்டியில் ஏறும் எடையும் சரியாக அமையாவிட்டால் அதற்குக் கொடுத்த பணத்துக்குப் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

பழைய முறையில், முதல் பேட்டரியின் மின்னழுத்தம் சுமார் 13.2 வோல்ட்டைத் தொட்டதும் இரண்டு பேட்டரிகளையும் இணைத்து, 12.7 வோல்ட்டுக்கு இறங்கியதும் பிரித்துவிடும் தானியங்கிச் சுவிட்சான ரிலே ஒன்று போதுமானதாக இருந்தது. இப்போதைய வண்டிகள் பலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரே தன் மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொள்வதால், அந்த ரிலே அடிக்கடி பிரிந்துவிடுகிறது. பிரியாவிட்டாலும், பின்னால் இருக்கும் பேட்டரி கடைசிவரை நிறைவதில்லை. பிசிடிசி 1225டி, 9 முதல் 32 வோல்ட் வரை எது வந்தாலும் வாங்கி, பேட்டரிக்கு ஏற்ற மின்னழுத்தமாக மாற்றி, 25 ஆம்பியர் வரை கட்டங்கட்டமாகத் தருகிறது. அதன் நீல வயரை இக்னிஷனோடு இணைத்தால், ஆல்டர்னேட்டர் தாழ்ந்த மின்னழுத்தத்தில் ஓடும்போதும் சார்ஜ் நிற்பதில்லை. ஆரஞ்சு வயரை எதனோடு இணைக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பேட்டரியின் வகை தேர்வாகிறது. லித்தியத்துக்குத் தனித் தேர்வு உண்டு என்பதால் கையேட்டின் அந்தப் பக்கத்தை மட்டுமாவது பொறுமையாகப் படிக்க வேண்டும். அடிலெய்டிலிருந்து ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரின் வில்பினா பவுண்ட் வரை ஏறக்குறைய 430 கிலோமீட்டர். ஐந்து மணி நேர ஓட்டம். பேட்டரி காலியாகக் கிளம்பினாலும் அங்கே போய்ச் சேரும்போது நிறைந்திருக்கும்.

போய்ச் சேர்ந்து ஒரே இடத்தில் தங்கிவிட்டால் சூரியத் தகடு வேண்டும். இதே சார்ஜருக்குள் சூரிய மின்சாரத்துக்கான கட்டுப்பாட்டுக் கருவியும் இருக்கிறது; தகட்டிலிருந்து கிடைப்பதை முதலில் எடுத்துக்கொண்டு, குறைவதை மட்டும் ஆல்டர்னேட்டரிடம் வாங்குகிறது. ஆகவே தனிக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாத 12 வோல்ட் தகட்டையே வாங்க வேண்டும். ஃபிரிட்ஜ் மிதமான வெயிலில் சராசரியாக ஒன்று முதல் ஒன்றரை ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 24 முதல் 36 ஆம்பியர்-மணி ஆகும். லித்தியம் பேட்டரியில் 80 விழுக்காட்டைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம் என்பதால் வெயிலே இல்லாமல் இரண்டு நாள் தாங்கும். 120 வாட் தகடு ஒன்று நல்ல வெயில் நாளில் அந்தச் செலவை ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பதை இந்தச் சார்ஜர் சொல்லாது, அதில் சிறு விளக்குகள் மட்டுமே உள்ளன. அதனால் விக்ட்ரான் ஸ்மார்ட்ஷன்ட் என்ற அளவுகருவியைச் சேர்த்திருக்கிறோம். கைப்பேசியில் பார்த்துக்கொள்ள முடிகிறது.

இனி வயர். 25 ஆம்பியர் கொடுப்பதற்கு இந்தச் சார்ஜர் உள்ளே 30 ஆம்பியர் அளவுக்கு வாங்கும். ஆஸ்திரேலியக் கடைகளில் '6 மி.மீ.' என்று விற்கப்படும் வாகன வயரில் அந்த 6 என்பது மேலுறையையும் சேர்த்த விட்டம். உள்ளே இருக்கும் தாமிரத்தின் குறுக்குவெட்டு 4.6 சதுர மி.மீ. மட்டுமே. பானட்டிலிருந்து பின்பக்கம் வரை ஐந்து மீட்டர், திரும்பி வர ஐந்து மீட்டர் என்று கணக்கிட்டால், அந்த வயரிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் வெப்பமாக வீணாகிறது. '6 பி அண்ட் எஸ்' எனப்படும் 13.5 சதுர மி.மீ. வயரில் அதே இழப்பு 0.4 வோல்ட்டைத் தாண்டாது. நண்பர் ஒருவரின் வண்டியில் ஒரு கடை மெல்லிய வயரைப் போட்டு, ஃபியூஸைச் சார்ஜருக்குப் பக்கத்தில் மட்டும் வைத்திருந்ததைப் பார்த்து எனக்குக் கோபமே வந்தது. அந்த வயர் வழியில் எங்காவது உரசித் தோல் உரிந்து வண்டியின் உலோக உடலில் பட்டால், முதல் பேட்டரியின் முழு மின்னோட்டமும் தடையில்லாமல் பாயும். குடும்பத்தோடு போகிற வண்டி தீப்பிடிக்க அது போதும். ஃபியூஸ் இரண்டு முனையிலும், ஒவ்வொரு பேட்டரிக்கும் மிக அருகில் இருக்க வேண்டும். இன்ஜினையும் பயணிகள் அறையையும் பிரிக்கும் நெருப்புச் சுவர் வழியாக வயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் பானட்டைத் திறந்து இந்த இரண்டையும் கண்ணால் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

லித்தியம் பேட்டரியைப் பானட்டுக்குள் வைப்பதைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஏற்பதில்லை. அங்கே வெப்பம் அதிகம். எங்களுடையது பின்பக்கம், இழுப்பறைக்கும் பக்கச் சுவருக்கும் இடையே, உலோகத் தாங்கியில் போல்ட் போட்டு நிற்கிறது. உறைநிலைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதையும், குளிர்காலத்தில் ஃபிளிண்டர்ஸ் இரவுகள் அந்த அளவுக்கு இறங்கக்கூடும் என்பதையும் நினைவில் வைத்து, வெப்பநிலை பார்த்துத் தானே சார்ஜை நிறுத்தும் பாதுகாப்புள்ள பேட்டரியாக வாங்க வேண்டும். பானட்டுக்குள்தான் இடம் என்பவர்கள் அந்த வெப்பத்துக்கென்றே செய்த, ஈய-அமில வகையான ஏஜிஎம் பேட்டரியை வைக்கலாம். அதன் எடை லித்தியத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல், அதில் சேர்ந்த மின்சாரத்தில் பாதியைத்தான் தாராளமாகச் செலவிடலாம்.

இழுப்பறைகள் வந்த பிறகு சமையல் சாமான் ஒரு பக்கம், கருவிகளும் கயிறுகளும் மறு பக்கம் என்று எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றன. மழையில் நின்றுகொண்டு பெட்டிகளைக் கிளற வேண்டியதில்லை. அலையலையாகக் கிடக்கும் மண்சாலையில் அவை போடும் சத்தமும் குறைவு. செம்மண் தூசி மட்டும் எந்த ரப்பர் பட்டையையும் தாண்டிச் சறுக்குத் தடத்துக்குள் புகுந்துவிடுகிறது. ஈரத்துணியால் துடைக்காமல் எண்ணெய் விட்டால் தூசி பசையாகி இழுப்பறை நகர மறுக்கும். ஃபிரிட்ஜை வைக்கும் சறுக்குப் பலகை கீழ்நோக்கிச் சாயும் வகையாக இருப்பது நல்லது, இல்லாவிட்டால் இழுப்பறையின் மேல் நிற்கும் ஃபிரிட்ஜுக்குள் குள்ளமானவர்களால் எட்டிப் பார்க்கவே முடியாது. மூன்றாவது வரிசை இருக்கைகளைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதைக் குழந்தைகள் அதிகம் உள்ள வீட்டார் யோசித்துக்கொள்ளட்டும்.

பிராடோ 150 ஏற்றத்தோடு சேர்த்து 2,990 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் 600 கிலோவை ஒட்டித்தான் மிஞ்சும். நான்கு பேர் 280 கிலோ, இழுப்பறைகள் 75, நிறைந்த ஃபிரிட்ஜ் 45, தண்ணீர் 60, கூரைத் தாங்கியும் கூரைக் கூடாரமும் 80 என்றால் 540 ஆகிவிட்டது. முன்பக்க இரும்புக் காப்புச் சட்டத்தையும் உணவையும் இன்னும் சேர்க்கவில்லை. வரம்பைத் தாண்டிய வண்டிக்கு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. இழுப்பறைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே, வழக்கமாகக் கொண்டுபோகும் எல்லாவற்றையும் ஏற்றி, வீட்டாரையும் உட்கார வைத்து, வண்டியைப் பொது எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.