சென்னைக்குப் பறக்கத் திருவனந்தபுரமா, தூத்துக்குடியா?

விமான நிலையம் இல்லாத குமரி மாவட்டத்தில் பலருக்கும் எழும் கேள்வி இது.

தொலைவு: நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் நிலையம் சுமார் 70 கி.மீ.; திருநெல்வேலி வழியாக வாகைக்குளத்திலுள்ள தூத்துக்குடி நிலையம் ஏறத்தாழ 110 கி.மீ.

சாலை: மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என ஊர் நெரிசலுக்குள்ளேயே செல்லும் முதல் பாதை இரண்டு மணி நேரத்தை எளிதில் விழுங்கிவிடுவதால், காவல்கிணறு தாண்டியதும் நான்குவழிச் சாலையில் விரையும் இரண்டாவது பாதை, கிலோமீட்டர் கணக்கு காட்டும் அளவுக்குப் பின்தங்குவதில்லை.

பறக்கும் நேரம்: வான்வழியில் தூத்துக்குடியே சென்னைக்கு நெருக்கம், ஆயினும் அங்கிருந்து இயங்கும் ஏடிஆர் எனும் சிறிய புரொப்பல்லர் விமானங்கள் ஜெட் விமானங்களைவிட மெதுவானவை என்பதால், இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே.

வளைகுடா செல்வோருக்கும் விளவங்கோடு வட்டத்தாருக்கும் திருவனந்தபுரமே பொருத்தம். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பகுதியினர் தூத்துக்குடியைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.