போர்ப் பகடி: மேடை நாடகமா, வில்லுப்பாட்டா?

போரையும் அதைக் காட்டும் டிவியையும் பகடி செய்ய நினைக்கும் நம்ம நெல்லைப் பிள்ளைகளுக்கு:

செலவு: நாடகத்துக்கு அரங்க வாடகை, செட், லைட். வில்லுக்கு வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. குழுவே ஒரு வேனில் அடங்கிவிடும்.

பகடி: இங்கேதான் வில்லு ஜெயிக்கிறது. 2003இல் ஈராக்கில் பேரழிவு ஆயுதம் இருப்பதாக அமெரிக்க அரசு சொன்னதைப் பல ஊடகங்கள் அப்படியே ஒப்பித்தன; சொன்ன மாதிரி ஆயுதம் அகப்படவே இல்லை. வில்லடித்துப் பாடும் புலவர் அந்தப் பொய்யைச் சொல்ல, பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" போட்டால் போதும், செய்தியறை கண்முன் வந்து நிற்கும்.

துயரம்: குண்டு விழுந்த வீட்டின் மௌனத்தை நாடகம்தான் காட்டும்.

அனுமதி: நாடகங்களைக் கட்டுப்படுத்திய 1954ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013இல் ரத்து செய்துவிட்டது.

கோயில் கொடை விழா நடக்கும் ஊருக்கு வில்லு. பாளையங்கோட்டைக் கல்லூரி அரங்குக்கு நாடகம்.