குரல்வளைப் புற்றுக்குப் பிந்தைய தொடர் பரிசோதனை: தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனை

குரல்வளைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை முடித்த என் தந்தையாரை, மூன்று ஆண்டுகளாகப் பென்னாகரத்திலிருந்து தருமபுரியிலுள்ள ஒரு தனியார் காது மூக்கு தொண்டை மருத்துவமனைக்கு அழைத்து வருகிறேன்.

இங்குள்ள மருத்துவர் பழைய புண் ஆறியிருப்பதை மட்டும் பார்த்துவிட்டு அனுப்புவதில்லை. மூக்கு வழியே கேமராக் குழாயைச் செலுத்திக் குரல்நாண்களைப் பார்த்தபின், நாக்கின் அடிப்பகுதியையும் கன்னத்தின் உட்புறத்தையும் விரலால் தடவிப் பார்க்கிறார். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா, சோறு விழுங்கும்போது அடைக்கிறதா, சளியில் இரத்தம் வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் விசாரிக்கிறார். பீடிப் புகையும் மதுவும் வாயிலிருந்து உணவுக்குழாய், நுரையீரல் வரையுள்ள உட்சவ்வு முழுவதையும் கெடுத்து வைத்திருப்பதால், முதல் புற்று முற்றிலும் குணமான பின்னும் அதோடு தொடர்பில்லாத புதிய புற்று வேறோர் இடத்தில் தோன்றக்கூடும் என்பதை, படிக்காத என் தந்தைக்கும் விளங்கும்படி அவர் சொன்னார். 1953-இல் ஸ்லாட்டர் என்பவரும் அவருடைய குழுவினரும் எழுதிய கருத்து இது. குரல்வளை நோயாளிகளுக்கு இவ்வாறு இரண்டாவது புற்று மிகுதியாக வருமிடம் நுரையீரல். தொடக்க நிலையிலேயே குணமானவர்களின் உயிருக்குப் பிற்காலத்தில் பெரிய ஆபத்தாவது பெரும்பாலும் பழைய நோயன்று, இதுவே. கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறையலாம் என்பதால், அதற்கான இரத்தப் பரிசோதனையையும் தவறாமல் எழுதிக் கொடுக்கிறார்.

குறைகளும் உண்டு. காலை பத்து மணிக்கு டோக்கன் வாங்கினால் உள்ளே அழைக்க ஒரு மணி ஆகிறது. அடுத்து எப்போது வர வேண்டும் என்பதை வாய்மொழியாகவே சொல்கிறார்கள். முதல் ஆண்டில் அடிக்கடியும் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுக்கொரு முறையும் என இடைவெளி மாறும் பரிசோதனைக்கு ஓர் அட்டை கொடுத்திருக்கலாம். உணவுக்குழாய் எண்டோஸ்கோப்பிக்குத் தொப்பூர் கணவாயைக் கடந்து சேலம் போக வேண்டியிருக்கிறது. எனக்குள்ள பெரிய மனக்குறை, பீடியை விடுவதற்கு முறையான ஆலோசனை ஏதும் இங்கு இல்லை என்பதுதான். சிகிச்சைக்குப் பிறகும் புகைப்பவருக்கு இரண்டாவது புற்றுக்கான வாய்ப்பு கூடும் என்று எச்சரிப்பவர்கள், அதை எப்படி விடுவது என்று சொல்வதில்லை. எதிரேயுள்ள பெட்டிக்கடையில் பீடிக்கட்டு கண்ணில் படும்படி அடுக்கியிருப்பது மருத்துவர் குற்றமன்றுதான். ஆனால் என் தந்தையின் கண் அங்கேதான் போகிறது.

செல்பவர்கள் முதல் சிகிச்சையின்போது எடுத்த பயாப்சி (கட்டியின் சிறு துணுக்கை எடுத்துச் சோதித்த) அறிக்கையைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். புதிதாக ஒரு கட்டி தெரிந்தால், அது பழையது திரும்பியதா, வேறொன்றா என்று அதோடு ஒப்பிட்டே பார்க்கிறார்கள்.